முன்பக்கம் மட்டும் பார்த்து வாங்கிய இரண்டு போஸ்டர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி வரலாற்று ஆசிரியர். இன்னொருவர் ஒரு சிற்றூரின் எழுத்தர். அங்கே டவுன் கிளார்க் என்பார்கள். மூன்றாவது ஆள் நான். பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். பெயர்களையும் ஊரையும் சொல்லவில்லை. நடந்ததை எழுத இருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

ஆசிரியர் இருபது வருடமாக அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால (1861–65) ஆள்சேர்ப்பு போஸ்டர்களைச் சேர்த்து வருகிறார். பணக்காரர் இல்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்குவார். வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு போஸ்டரைக் காட்டித்தான் அந்தப் போரைச் சொல்லிக்கொடுத்தேன் என்பார். அதற்கு நியாயம் இருக்கிறது. 1861 ஏப்ரல் 15-ல் லிங்கன் 75,000 பேரைக் கேட்டபோது ஆட்கள் தாமாகவே திரண்டு வந்தார்கள். 1862 ஜூலையில் மூன்று வருடச் சேவைக்கு 3 லட்சம் பேர், ஆகஸ்டில் ஒன்பது மாதச் சேவைக்கு இன்னொரு 3 லட்சம் பேர் என்று கேட்டபோது நிலைமை மாறிவிட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும், அங்கிருந்து ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை பேர் என்று பங்கு விழுந்தது. பங்கை நிரப்ப முடியாத ஊர்கள் ஊக்கத்தொகை அறிவித்தன. 1863 மார்ச் 3-ல் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினாலோ பதிலாள் ஒருவரை அனுப்பினாலோ தப்பித்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இருந்தது. அந்த ஜூலையில் நியூயார்க் நகரம் நான்கு நாள் கலவரத்தில் எரிந்தது.

இதெல்லாம் போஸ்டரில் தெரியும். முதல் வருடத்துப் போஸ்டர்களில் பெரும்பாலும் கொடியும் நாடும்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். 1863-க்குப் பிறகு கொட்டை எழுத்து டாலர் தொகைக்குப் போய்விடும்.

அவர் அடிக்கடி சொல்லும் போஸ்டர் ஒன்று உண்டு. கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்டுக்கு ஆள் கேட்டு 1863-ல் பாஸ்டனில் அச்சானது. மாதம் 13 டாலர் சம்பளம் என்று அதில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். சேர்ந்த பிறகு கிடைக்கும் என்று சொல்லப்பட்டது 10 டாலர். அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். வீரர்கள் அந்தக் குறைந்த சம்பளத்தை மாதக்கணக்கில் வாங்க மறுத்தார்கள். 1864 ஜூனில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது. “போஸ்டர் என்பது அரசு எழுதிக் கொடுத்த வாக்கு. அதனால்தான் அதைப் பத்திரமாக வைக்க வேண்டும்” என்பது அவர் கட்சி. இந்த ஆய்வு முழுக்க அவர் எடுத்த முடிவுகளுக்கு அந்த எண்ணம்தான் அடி.

கொண்டுவந்தவை

ஒரு மார்ச் மாதம் இரண்டு போஸ்டர்களோடு வந்தார். இரண்டையும் ஏழு மாதத்துக்கு முன் ஒரே ஏலத்தில் வாங்கியிருந்தார்.

பெரியது ஒரு குதிரைப்படைக்கு ஆள் கேட்பது. மேலே சிறகு விரித்த கழுகு, நடுவில் 402 டாலர். அதற்கு 1,900 டாலர் கொடுத்திருந்தார். சிறியது 60 சென்டிமீட்டர் உயரம், படம் எதுவும் கிடையாது. 1862 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சிற்றூர் நிர்வாகிகள் வெளியிட்ட அறிவிப்பு அது: ஒன்பது மாதச் சேவைக்கு இன்னும் ஆள் குறைகிறது, சேர்பவருக்கு ஊர் இவ்வளவு தரும், இன்ன நாள் மாலை கூட்டம். ஏலக்காரர் அதைச் சில்லறைக் காகிதங்களோடு சேர்த்துக் கட்டாக விற்றிருந்தார். கட்டு முழுக்க 150 டாலர்.

அவர் கேட்ட வேலை இது. பெரியதற்கு நல்ல ஃபிரேம் போட வேண்டும். சிறியதைக் கழுவி, மடிப்புக் கறைகளை எடுத்து, பின்னால் துணி ஒட்டித் தர வேண்டும்; அதை விற்றுப் பெரியதன் செலவை ஈடுகட்டப் போகிறார். அதற்கு முன் ஒரு ஃபிரேம் கடையில் கேட்டபோது, இரண்டையும் சூடு வைத்து அட்டையில் ஒட்டிவிடலாம் என்றிருக்கிறார்கள். அந்த ஒட்டைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. நல்லவேளை, கூலி அதிகம் என்று இவர் திரும்பி வந்துவிட்டார்.

வேலைச் சீட்டில் நானும் அப்படியே எழுதினேன்: “சிறியது – கழுவ, துணி ஒட்ட.” இரண்டும் பிளாஸ்டிக் உறையில் முன்பக்கம் தெரிய இருந்தன. அன்று நான் உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பெரிய போஸ்டர்: மேசையில் கண்டது

முதலில் எடுத்தது பெரியதைத்தான். ஆசிரியர் அதைச் சும்மா வாங்கியிருக்கவில்லை. 402 டாலர் என்ற தொகையைச் சரிபார்த்திருந்தார்: ஏற்கெனவே பணியாற்றிய வீரர் திரும்பச் சேர்ந்தால் அந்தத் தொகை என்று 1863 ஜூனில் போர்த்துறை ஆணை போட்டது. படைப்பிரிவையும், கையெழுத்திட்ட அதிகாரியின் பதவியையும்கூடத் தேடிப் பார்த்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? அசலைப் படம் பிடித்து அடித்த நகல் அது. அசலில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் நகலிலும் இருக்கும். வாசகத்தை மட்டும் படித்து இப்படிப்பட்ட நகலைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நான் பார்த்தது வேறு. அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கைக் காட்டினேன். பின்பக்கம் முழுக்க நீலம் கலந்த வெள்ளையில் ஒளிர்ந்தது. சலவைத்தூள் போட்டுத் துவைத்த வெள்ளைச் சட்டை மேடை விளக்கில் மின்னுமே, அதே மாதிரி. காகிதத்தில் அந்த வெளுப்பூட்டிகளைச் சேர்க்கத் தொடங்கியது 1950-ஐ ஒட்டித்தான். அப்புறம் பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். கழுகின் சிறகு சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தது. புகைப்படத்தை அச்சுக்குக் கொண்டுவரும் ஹாஃப்டோன் புள்ளிகள் அவை. அந்த முறை அச்சகங்களில் பரவியது 1880-களில்.

எனக்கு மனதில் நிற்பது இன்னொன்று. போஸ்டரின் நடுவே குறுக்காக ஒரு மடிப்புக் கோடு, கருமை படிந்து, நூறு வருடம் மடித்தே கிடந்தது மாதிரி. அதன்மேல் விரல் நுனியை வைத்து மெல்ல இழுத்தேன். வழுவழுவென்று போனது, அங்கே மடிப்பே இல்லை. அசலில் இருந்த மடிப்பின் நிழலும் சேர்ந்து படத்தில் விழுந்து அச்சாகியிருக்கிறது. ஆசிரியரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1961 முதல் 1965 வரை போரின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, போர்க்கள நினைவிடக் கடைகளில் பழுப்பேற்றிய மொரமொரப்பான தாளில் இப்படிப்பட்ட நகல்கள் நிறைய விற்றன. ஏமாற்ற என்று அடித்தவை அல்ல; நினைவுப் பொருளாக அடித்தவை. அறுபது வருடம் ஒரு வீட்டுப் பரணில் கிடந்து வெளியே வரும்போது, பேரன் கையில் அது அசலாகிவிடுகிறது. அதே போரில் தெற்கே மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரம் முற்றுகையில் இருந்தபோது, காகிதம் தீர்ந்துபோய் 1863 ஜூலையில் சுவர்த்தாளின் பின்பக்கத்தில் அச்சடித்த உள்ளூர்ப் பத்திரிகைக்கும் இதே கதைதான். மறுபதிப்புகள் அத்தனை. அசலைப் பிரித்தறிய அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

அன்றே எழுத்தில் அறிக்கை கொடுத்தேன். ஃபிரேம் போடும் வேலையை ஏற்கவில்லை.

சிறிய போஸ்டர்: முன்பக்கம்

இது அசல் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தும் தாளில் அழுந்திப் பதிந்திருந்தது. எழுத்தின் விளிம்பில் மை கொஞ்சம் பிதுங்கி, உள்ளே இருப்பதைவிடக் கருப்பாக ஒரு கோடு கட்டியிருந்தது. அச்சை அழுத்தி எடுக்கும்போது வரும் அடையாளம் அது. தலைப்பில் இருந்த பெரிய எழுத்துகளில் மரத்தின் ரேகையே தெரிந்தது. ஈயத்தில் அவ்வளவு பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது, விலையும் கட்டாது. அதனால் போஸ்டர் எழுத்தை மரத்தில் வெட்டினார்கள். நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827-ல் மர எழுத்துகளை எந்திரத்தால் வெட்டித் தரத் தொடங்கிய பிறகு, சின்ன ஊர் அச்சகம்கூட முழ உயர எழுத்தில் அடிக்க முடிந்தது. இந்த அச்சகத்தில் ஒரே எழுத்துக்குப் போதுமான கட்டைகள் இல்லை போலும். தலைப்பின் இரண்டு வரிகளில் இரண்டு வேறு வகை எழுத்துகள், ஒன்றில் ஒரு எழுத்தின் மூலை உடைந்தது. அவசரத்தில் அடித்திருக்கிறார்கள். அந்த உடைந்த மூலை எனக்குப் பிடித்திருந்தது.

கிழிந்த ஓரத்தில் தானாக உதிர்ந்த ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தேன். பருத்தியும் லினனும், அதாவது கந்தல்துணிக் கூழ். மரத்தை அரைத்த கூழ் ஒரு இழைகூட இல்லை. அமெரிக்காவில் மரம் அரைத்துக் கூழாக்கும் ஆலை முதலில் ஓடியது 1867-ல், இதே மாசசூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜில். தாள் 1862-க்குப் பொருந்தியது. புறஊதா ஒளியில் மங்கலாகக் கிடந்தது, எங்கும் வெள்ளை மின்னல் இல்லை.

நான் செய்த தவறு

அசல் என்று தெரிந்ததும் அடுத்த படி, கழுவுவதற்கு முன் தூசியை எடுப்பது. போஸ்டரைக் கவிழ்த்துப் போட்டு, கீழ் வலது மூலையிலிருந்து ரப்பர்த் தூளால் உருட்டி உருட்டித் துடைக்கத் தொடங்கினேன். பின்பக்கம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு உள்ளங்கை அளவு சுத்தமான பிறகுதான், தூசியோடு சேர்ந்து ஒரு பென்சில் கோடும் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தேன். உடனே நிறுத்தினேன். ஏதோ எண் எழுதியிருந்திருக்கிறது. மிஞ்சியது ஒரு சின்ன நிமிர்ந்த கோடு.

துடைக்குமுன் பின்பக்கத்தைப் படம் எடுத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் வாரம் சொல்லித்தரும் பாடம் அது. விற்பனைக்குப் போகிற சாதாரணப் பொருள் என்று வேலைச் சீட்டில் இருந்த எண்ணம் என் கையையும் அவசரப்படுத்திவிட்டது. அன்று மாலையே ஆசிரியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

பின்பக்கம்

மறுநாள் நிதானமாகப் பார்த்தேன். மூன்று விஷயங்கள் இருந்தன.

ஒன்று, இடது ஓரத்தில் ஊசித் துளைகள், நான்கு. ஓரத்தில் குத்தித் தைத்து, வேறு தாள்களோடு சேர்த்து ஏதோ ஒரு புத்தகத்திலோ கோப்பிலோ இது இருந்திருக்கிறது.

இரண்டு, மேலே பழுப்பு மையில் இரண்டு வரிக் கையெழுத்து. அஞ்சலகம், கடை, ரயில் நிலையம் ஆகிய மூன்று இடங்களில் ஒட்டப்பட்டது என்று, தேதியோடு. கீழே சுருக்கொப்பம்.

மூன்றாவது அந்தப் பென்சில் எண்.

பழுப்பு மை என்ன என்று பார்த்தவுடனே தெரியும்: மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்த மை. நம் ஊரில் மாசிக்காயைக் குழந்தை மருந்தாக உரைத்துப் பார்த்திருப்போம். அதே காயின் துவர்ப்புச் சத்து இரும்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பதுதான் இந்த மை. எழுதும்போது கறுப்பாக இருந்து, காலப்போக்கில் பழுப்பாகும். இதில் மிஞ்சியிருக்கும் இரும்பும் அமிலமும் தண்ணீரில் கரைந்து தாளுக்குள் பரவும். போன இடமெல்லாம் தாளைத் தின்னும். இரும்பைக் காட்டும் சோதனைத் தாளின் சின்ன நறுக்கை ஈரமாக்கி, ஒரு எழுத்தின் மேல் அரை நிமிடம் வைத்து எடுத்தேன். ரோஜா நிறம் ஏறியது. கழுவியிருந்தால் அந்த இரண்டு வரியும் கலங்கியிருக்கும். அதன்மேல் துணியையும் ஒட்டியிருந்தால் இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆள்சேர்ப்பு போஸ்டர் என்பது மாவுப் பசையில் சுவரில் ஒட்ட அடித்தது. ஒட்டியதை மழை அழிக்கும், இல்லையென்றால் அடுத்த போஸ்டர் மூடும். சுவரில் ஒட்டிய போஸ்டர் அனேகமாகப் பிழைப்பதில்லை. இன்று நம் கைக்கு வருவது ஒட்டப்படாமல் நின்றது. அப்படி நிற்க ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும். அச்சகக்காரர் மாதிரிக்கு ஒன்று எடுத்து வைத்திருப்பார். சேர்ந்த பையனின் தாய் பெட்டியில் மடித்து வைத்திருப்பாள். அல்லது ஒரு அலுவலகம் கோப்பில் சேர்த்திருக்கும். மூன்றில் எது என்பதை முன்பக்கம் ஒருபோதும் சொல்லாது. பின்பக்கம்தான் சொல்லும்.

இந்தப் போஸ்டர் கோப்பில் இருந்த பிரதி. ஊரில் ஒட்டினோம் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு அலுவலர் எழுதி, எண் போட்டு, தைத்து வைத்தது. அப்படியானால் அது யாருடையது?

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, எல்லா வேலையையும் நிறுத்துவது. கழுவல் இல்லை, துணி இல்லை. இதில் விவாதிக்க எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவது, அழிந்த எண்ணை மீட்கப் பார்ப்பது. பென்சில் கரி. அகச்சிவப்புக் கதிரில் கரி கறுப்பாகவே நிற்கும். மாசிக்காய் மையோ மங்கி மறையும். ரப்பர் மேல்பூச்சை எடுத்தாலும், தாளின் இழைகளுக்குள் போன துகள்கள் தங்கியிருக்கும். அகச்சிவப்புக் கேமராவில் எடுத்து, படத்தின் மாறுபாட்டைக் கூட்டியபோது இரண்டு இலக்கங்கள் தெரிந்தன: 17. இரண்டாவது இலக்கம் 7-ஆ, 1-ஆ என்று அறிக்கையில் சந்தேகக்குறி போட்டேன்.

மூன்றாவதுதான் கஷ்டமான முடிவு. அதை நான் எடுக்க முடியாது. ஆசிரியர்தான் எடுக்க வேண்டும். ஊர் அலுவலகத்துக்குச் சொல்வதா, வேண்டாமா?

சட்டம் எங்கே நிற்கிறது என்று இருவரும் விசாரித்தோம். அமெரிக்காவில் பொது ஆவணம் தனியார் கைக்குப் போனாலும் அரசின் உரிமை தானாக அற்றுப்போவதில்லை என்ற வாதத்துக்கு வலு உண்டு. 1767, 1768-ஆம் வருடத்து நீதிமன்றக் காகிதங்கள் இரண்டை ஒரு சேகரிப்பாளர் ஏலத்தில் பணம் கொடுத்துத்தான் வாங்கினார். ஆனாலும் அவை மாநிலத்துக்கே சொந்தம் என்று வட கரோலினா உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்புச் சொன்னது. அதே மாநிலத்துக்கு அனுப்பப்பட்ட உரிமைச் சாசனப் பிரதியை (அமெரிக்க அரசியலமைப்பில் குடிமக்கள் உரிமைகளைச் சொல்லும் பகுதி அது) 1865-ல் லிங்கன் தரப்பான வடபடையின் வீரர் ஒருவர் மாநிலத் தலைநகர் ராலியிலிருந்து எடுத்துப் போனார். 138 வருடம் கழித்து, 2003-ல் எஃப்.பி.ஐ. அதை மீட்டது. ஆனால் இவையெல்லாம் கையால் எழுதிய ஆவணங்கள். நூற்றுக்கணக்கில் அடித்து ஊரெல்லாம் கொடுத்த போஸ்டர் பொது ஆவணமா? அச்சிட்ட தாளைப் பார்த்தால் இல்லை எனலாம். பின்னால் இருக்கும் அத்தாட்சியைப் பார்த்தால் ஆம் எனலாம். வழக்கறிஞர் ஒருவரும் இரண்டு பக்கமும் பேசலாம் என்றே சொன்னார்.

இதற்கிடையே ஆசிரியரின் பெரிய போஸ்டர் பணமும் வராது என்று தெரிந்துவிட்டது. ஏல நிறுவனத்தின் விதிப்படி 30 நாளுக்குள் சொல்லியிருந்தால்தான் திருப்பிக் கொடுப்பார்களாம். ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆக, கையில் மிஞ்சியது சிறிய போஸ்டர் மட்டும். பின்பக்கக் கையெழுத்தோடு சேர்த்து அதை விற்றால், போட்டதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அவர் மனைவி என்னிடம் நேராகவே கேட்டார், “இவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கு நஷ்டம்?” என்று. தப்பான கேள்வி என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஆசிரியர் பத்து நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஊர் அலுவலகத்துக்கு அவரே கடிதம் எழுதினார், இரண்டு பக்கத்தின் படத்தையும் வைத்து. “இது உங்கள் ஊருடையதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஊர் அலுவலகத்தில்

டவுன் கிளார்க் முதலில் நம்பவில்லை. தன்னிடம் போர்க்காலப் போஸ்டர் எதுவும் இருந்ததாகவே அவருக்குத் தெரியாது. ஆனால் பெட்டகத்தில் அந்தக் கால வரிப் பதிவேடுகளும் படைவீரர் பதிவேடும் இருந்தன. ஒவ்வொரு ஊர் எழுத்தரும் படைவீரர் பதிவேடு வைக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1863-ல் சட்டம் போட்டிருந்தது. அதனால் அந்த வருடங்களில் எழுத்தர்கள் போர் சம்பந்தமான காகிதங்களைக் கொஞ்சம் அக்கறையாகவே சேர்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். வரிப் பதிவேடுகளுக்கு அடியில் தையல் விட்ட ஒரு கோப்பு கிடைத்திருக்கிறது: நிர்வாகிகளின் ஊக்கத்தொகைக் கணக்கு, ரசீதுகள், கடிதங்கள். முதல் பக்கத்தில் பட்டியல். பதினேழாம் எண்ணுக்கு நேராக “அச்சிட்ட அறிவிப்பு” என்று இருக்கிறது. கோப்பில் 16 இருக்கிறது, 18 இருக்கிறது.

நாங்கள் மூவரும் அந்த அறையில் உட்கார்ந்து பொருத்திப் பார்த்தோம். போஸ்டரை நான் மேசையில் கவிழ்த்து வைத்தேன். கிளார்க் கோப்பின் முதுகை மெல்ல விரித்துப் பிடித்தார். நான்கு துளைகளில் மூன்று கோப்பின் துளைகளோடு ஒட்டின. நான்காவதற்கு நேராகக் கோப்பின் தாள்கள் கிழிந்திருந்தன. சுருக்கொப்பம், கோப்பிலுள்ள ரசீதுகளில் இருந்த சுருக்கொப்பம்தான். போஸ்டர் எட்டாக மடிக்கப்பட்டு உள்ளே தைக்கப்பட்டிருக்கிறது. மடித்த அளவும் கோப்பின் அளவும் ஒன்று. நான் அழித்த எண்ணுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

எப்படி வெளியே போனது என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டினார்கள், அப்போது போயிருக்கலாம் என்பது கிளார்க்கின் ஊகம். யாராவது கிழித்தும் எடுத்திருக்கலாம். கழித்துவிட்டதாக ஊரின் தீர்மானம் எதுவும் கிடைக்கவில்லை.

முடிவு

ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்தார். உரிமை யாருக்கு என்ற சட்டக் கேள்விக்குள் இரண்டு தரப்பும் போகவில்லை. “என்னிடம் உள்ள உரிமை எதுவோ அது முழுவதையும் ஊருக்கு விடுகிறேன்” என்று ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான். ஊர் நிர்வாகிகள் அவர் கட்டுக்குக் கொடுத்த 150 டாலரைத் தர முன்வந்தார்கள், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என் கூலியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மூலையைத் துடைத்த பிறகு எடுக்க மனம் வரவில்லை.

போஸ்டருக்கு நான் செய்தது மிகக் கொஞ்சம். இரண்டு கிழிசல்களை ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் வைத்து, ஈரம் மையின் பக்கம் போகாதபடி ஒட்டினேன். பிறகு இரண்டு பக்கமும் தெரியும் பாலியெஸ்டர் உறையில் வைத்து, தட்டையான பெட்டியில் போட்டேன். திரும்பக் கோப்பில் தைக்கவில்லை. மடிப்புகள் இன்னொரு முறை மடிவதைத் தாங்காது. கோப்பில் பதினேழாம் இடத்தில், போஸ்டர் எங்கே இருக்கிறது என்று எழுதிய ஒரு தாளை வைத்தோம். பார்வைக்கு வைப்பதானால் ஐம்பது லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம், வருடத்தில் சில வாரங்கள் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியருக்கு ஊர்க்காரர்கள் முழு அளவில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். அதன் பின்பக்கத்தில் இது நகல் என்றும், எந்த வருடம் எடுத்தது என்றும் அழியாத மையில் எழுதச் சொன்னவர் அவர்தான். பெரிய போஸ்டரின் பின்னாலும் அதேபோல எழுதிக்கொண்டார். 1,900 டாலர் போனது போனதுதான்.

மாற்றிக்கொண்டவை

என் பட்டறையில் பொருளை வாங்கும்போது நிரப்பும் படிவத்தில் முதல் கட்டம் இப்போது “பின்பக்கப் படம் எடுத்தாயிற்றா” என்பது. என்ன வேலை செய்ய வேண்டும் என்ற கட்டம் அதற்கு நான்கு வரி கீழே. சாய்வான வெளிச்சம், புறஊதா, லென்ஸ் மூன்றும் பொருள் வந்த அன்றே, வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும்போதே. ரப்பர்த் தூள் அப்புறம்தான். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆவதில்லை.

ஆசிரியர் வாங்கும் முறை மாறிவிட்டது. விற்பவரிடம் பின்பக்கப் படம் கேட்கிறார்; கொடுக்காவிட்டால் விட்டுவிடுகிறார். யாரிடமிருந்து வந்தது என்று இரண்டு தலைமுறைக்காவது எழுதித் தரச் சொல்கிறார். தைத்த துளையோ, எண்ணோ, சுரண்டிய முத்திரையோ இருந்தால் அந்த ஊருக்கோ நூலகத்துக்கோ முதலில் எழுதிக் கேட்கிறார். வாங்கியதைப் பெட்டியில் வைப்பதில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் என் மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

அவரிடம் இந்த நிகழ்வுக்கு முன்பே வாங்கியவை இருபதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். இன்னொரு நகல் அகப்பட்டது. மூன்று போஸ்டர்களுக்குப் பின்னால் துணி ஒட்டியிருந்தது, அவர் வாங்கும் முன்பே யாரோ ஒட்டியது. ஒளிப்பலகையில் வைத்துக் கீழிருந்து வெளிச்சம் விட்டபோது இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில், அச்செழுத்துகளுக்கு நடுவே, தலைகீழாக ஒரு வரி கையெழுத்து நிழலாடியது. படிக்க வரவில்லை. துணியைப் பிரிக்க ஈரம் வேண்டும், மை எதுவென்று தெரியாமல் ஈரம் வைக்க முடியாது. அந்தப் போஸ்டர் இப்போதைக்கு அப்படியே இருக்கிறது. அதை விற்பதில்லை என்று எழுதி உறையில் வைத்திருக்கிறார்.